பழைய காருக்குக் கொடுத்த வாரண்டியை டீலரிடமிருந்து பெறுவது எப்படி: கடலூர், புதுச்சேரியில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

கடலூரில் குடியிருப்பவர்கள் புதுச்சேரிக்குப் போய்ப் பழைய கார் வாங்குவது வெகுகாலமாக நடந்துவருவதுதான். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி ஊருக்குள் நுழைவதற்குள், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளின் பலகைகள் இரண்டு மூன்றாவது கண்ணில் பட்டுவிடும். விலை பேசும்போது, "என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆறு மாதம் நம்ம பொறுப்பு சார்" என்று டீலர் சொல்லுவார். முதல் கார் வாங்குபவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய தைரியத்தைக் கொடுக்கும். வண்டி மக்கர் செய்த பிறகு அதே வாக்கியத்தை அவரிடம் எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சிலர் கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள். சிலர் விதியை நொந்துகொண்டு சொந்தப் பணத்தில் பழுது பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தேதி போட்ட ஒரு காகிதத்தையோ செய்தியையோ உருவாக்கிக்கொண்டே போவதுதான் அந்த வழி. நான் அதை என் சொந்த வண்டியில் கற்றுக்கொண்டேன்.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் பி.ஒய். 01 பதிவெண் கொண்ட சிறிய பெட்ரோல் கார் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழாவது வாரம் கிருமாம்பாக்கம் அருகே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அன்றிலிருந்து வண்டி சரியாகி வீடு திரும்பும் வரை ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் எது உதவியது, எதைச் செய்யாமல் விட்டதால் அவதிப்பட்டேன் என்பதையும் உரிய இடங்களில் சொல்கிறேன்.

கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வாரண்டி என்ற பெயரில் நான்கு வகையான வாக்குறுதிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, கடைக்காரர் தம் சொந்தப் பொறுப்பில் பில்லிலோ லெட்டர்பேடிலோ எழுதிக் கொடுப்பது. இரண்டாவது, கார் தயாரிக்கும் நிறுவனங்களே நடத்துகிற பழைய கார் விற்பனைப் பிரிவுகள் தருகிற அச்சிட்ட வாரண்டி. மூன்றாவது, வாரண்டியை மட்டுமே தொழிலாக நடத்தும் வேறொரு நிறுவனத்தின் திட்டத்தை டீலர் உங்களுக்கு விற்றிருப்பது. நான்காவது, புது வண்டியாக வாங்கியபோது கிடைத்த கம்பெனி வாரண்டியில் இன்னும் மிச்சமிருக்கும் காலம். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் பேசத் தொடங்கினால், "அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணுங்க", "முதல் ஓனரைக் கேளுங்க" என்று உங்களை அலையவிடுவது அவர்களுக்கு எளிதாகிவிடும்.

வாங்கிய பில் அல்லது ரசீது, டெலிவரி நோட், வாரண்டித் தாள், பணம் செலுத்திய வங்கிக் குறிப்பு, ஆர்.சி. நகல், விற்பனைக்கு முன் டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அவர் வெளியிட்ட விளம்பரத்தின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். இவற்றில் வங்கிக் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. பிரச்சினை வரும்போது, "நான் வெறும் இடைத்தரகர்தான், விற்றவர் பழைய ஓனர்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் டீலர்கள் இருக்கிறார்கள். பணம் கடையின் கணக்குக்குப் போயிருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால், முழுத் தொகையையும் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள்.

பில் கேட்டால், "பில் போட்டா ஜி.எஸ்.டி. வந்துடும் சார், விலை ஏறிடும்" என்று தயங்குவார்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள டீலர் பழைய காருக்குக் கட்ட வேண்டிய 18% வரி, அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் உள்ள லாபத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படுகிறது. வண்டியின் முழு விலைக்கும் அல்ல. மேலும், விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு செய்யப்பட்ட வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்த அங்கீகாரச் சான்று 29பி என்ற படிவத்தில் வழங்கப்படும். பழைய உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிப்பது 29சி படிவம். அது பதிவானால் அந்த டீலரே சட்டப்படி உரிமையாளராகக் கருதப்படுகிறார். இந்த இரண்டு படிவங்களைப் பற்றிக் கேட்பவரிடம் இடைத்தரகர் கதையைச் சொல்வது கடினம்.

வாரண்டித் தாளை வரி வரியாகப் படியுங்கள்

பழைய கார் வாரண்டிகள் பெரும்பாலும் ஒரு காலவரம்பையும் ஒரு கிலோமீட்டர் வரம்பையும் சேர்த்து வைத்து, எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்துவிடும்படி எழுதப்பட்டிருக்கும். என்ஜினின் உள்பாகங்களும் கியர் பாக்ஸின் உள்பாகங்களும் சேர்ந்திருக்கும்; கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி போன்று தேய்ந்துபோகும் பாகங்கள் சேராது. ஏ.சி.யும் மின்சாரப் பாகங்களும் சேருமா என்பது தாளுக்குத் தாள் மாறும். ஒரு கோளாறுக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பும் சிலவற்றில் இருக்கும். "உரிமையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் சேதம்", "வேறு ஒர்க்ஷாப்பில் பிரிக்கப்பட்டால் செல்லாது", "வெள்ளத்தால் ஏற்படும் சேதம் அடங்காது" என்ற மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். டீலர் பின்னால் எடுத்து நீட்டப்போவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான்.

என் விஷயத்தில் அச்சிட்ட தாளே கிடையாது. பில்லின் பின்பக்கத்தில், "என்ஜின் + கியர் 6 மாதம் வாரண்டி" என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரை வைத்திருந்தார்கள். முன்பக்கத்திலோ, "வண்டியை முழுத் திருப்தியுடன் பார்த்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்து, அதன்கீழ் என் கையெழுத்தும் இருந்தது. இப்படி இரண்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம். எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக அச்சடித்த வரியைவிட, இந்த வண்டிக்கென்று கையால் எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்கே எடை அதிகம் என்று நீங்கள் உறுதியாக வாதிடலாம். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிலைமை கடினம்தான். அப்போது விற்பனைக்கு முந்தைய வாட்ஸ்அப் உரையாடலிலோ குரல்பதிவிலோ வாரண்டியைப் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று தேடுங்கள். "ஆறு மாதத்துக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் வாங்க சார்" என்ற ஒரு குரல்பதிவுகூடப் பயன்படும்.

வெள்ளத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் அப்படிப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. நீரில் நின்ற வண்டிகள் துடைக்கப்பட்டு, சீட் உறை மாற்றப்பட்டு விற்பனைக்கு வருவது உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் பின்னாளில் மின்கோளாறு வந்தால், "உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதுதான் காரணம்" என்று பழியெல்லாம், காரை வாங்கியவர் தலையிலேயே விழும். ஆகவே வண்டியை எடுக்கும் நாளிலேயே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், தரைவிரிப்பின் அடிப்பாகத்தையும், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பாசி போன்ற அரிப்பு உள்ளதா என்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதல்ல என்று பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் டீலரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கோளாறு தெரிந்த அன்றே

வண்டியை நிறுத்துங்கள். வாரண்டி விஷயத்தில் இதைவிட முக்கியமான அறிவுரை எனக்குத் தெரியாது. டெம்பரேச்சர் முள் ஏறினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். என்ஜினின் மேல்பகுதியான ஹெட், இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியம். கடும் சூட்டில் சில நிமிடம் ஓடினாலே அது வளைந்துவிடும். அதன்பிறகு, "தெரிந்தே ஓட்டியிருக்கிறீர்கள், இது உங்கள் கவனக்குறைவு" என்ற வாதத்துக்கு நீங்களே வழிவிட்டவர் ஆவீர்கள்.

கிருமாம்பாக்கத்தில் நான் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைப்பதற்கு முன் கைபேசியில் பத்து நொடி வீடியோ எடுத்தேன். முள்ளின் நிலை, எரியும் எச்சரிக்கை விளக்கு, ஓடோமீட்டர் எண் மூன்றும் ஒரே காட்சியில் தெரிந்தன. பிறகு பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது; கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு பார்த்தபோது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டப்பா காலியாக இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அதன் அடியில் பால் அதிகம் கலந்த டீயின் நிறத்தில், வெண்ணெய் போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம். ஆயிலுக்குள் தண்ணீர் போய்விட்டது, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. மூடியில் மட்டும் வெண்படலம் இருந்தால் முடிவுகட்டிவிடக் கூடாது. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தாலும் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.

அந்த நேரத்தில் ஒரு தவறும் செய்யப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மெக்கானிக் அண்ணன், "ஹெட்டை இறக்கிடலாம் சார், இன்னிக்குள்ள தெரிஞ்சிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வேறு இடத்தில் என்ஜினைப் பிரித்தால் வாரண்டி போய்விட்டது என்று டீலர் சொல்ல அதுவே போதுமானதாகிவிடும். வெளியில் எவரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பார்வையிடச் சொல்லலாம், அவ்வளவுதான். ரிகவரி வண்டி வைத்து எடுத்துச் சென்றால் அதற்கும் ரசீது வாங்குங்கள்.

எழுத்தில் தெரிவியுங்கள்

போன் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் போனை வைத்தவுடன் அதே விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "ஐயா, தங்களிடம் இன்ன தேதியில் இன்ன பில் எண்ணில் வாங்கிய கார் இன்று மாலை 4.20 மணிக்குக் கிருமாம்பாக்கம் அருகே அதிகச் சூடாகி நிறுத்தப்பட்டது. ஓடோமீட்டர் 61,884 கி.மீ. கூலன்ட் காலியாகவும் என்ஜின் ஆயில் வெளுத்தும் உள்ளது. வீடியோவும் படங்களும் இணைத்துள்ளேன். வண்டியை ஓட்டவில்லை, எவரிடமும் பிரிக்கவும் கொடுக்கவில்லை. தாங்கள் எழுதிக் கொடுத்த 6 மாத என்ஜின் வாரண்டிப்படி பழுது பார்த்துத் தருமாறும், வண்டியை எங்கே கொண்டுவர வேண்டும் என்பதை நாளைக்குள் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. நாள், நேரம், கிலோமீட்டர், அடையாளம், கோரிக்கை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும் அனுப்புங்கள். டீலர் போனில் ஏதாவது ஒப்புக்கொண்டால், "சற்றுமுன் பேசியபடி செலவைத் தாங்கள் ஏற்பதாகச் சொன்னதற்கு நன்றி" என்று உடனே எழுதிவிடுங்கள். அவர் மறுக்காமல் விட்டாலே அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

வண்டியை ஒப்படைக்கும்போது

சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வண்டியைப் பெற்றதையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டு தரும் பழக்கம் சிறிய கன்சல்டிங் கடைகளில் கிடையாது. இல்லையென்றால் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, சொன்ன கோளாறு, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்குங்கள். வண்டியைச் சுற்றிலும் வீடியோ எடுங்கள். மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

நான் இந்தத் தாளை வாங்கவில்லை. டீலர் வண்டியை நான்கு நாள் வைத்திருந்து, ரேடியேட்டர் மூடியையும் ஒரு ஹோஸையும் மாற்றி, "சரியாயிடுச்சு சார்" என்று கொடுத்தார். பத்து நாளில் கூலன்ட் மறுபடியும் காலியானது. அந்த முதல் பழுதுபார்ப்பு நடந்ததற்கு என்னிடம் காகிதமே இல்லை. அதன்பின் நான் தனியாக அந்தக் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய், பிரிக்காமல் சோதனை மட்டும் செய்து அறிக்கை தரச் சொன்னேன். பிரஷர் டெஸ்ட் செய்து, கூலன்ட் உள்ளே கசிகிறது, ஹெட் கேஸ்கட் மாற்ற வேண்டும், ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன்செய்ய நேரலாம் என்று எழுதி, 28,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். சோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் செலவழித்த பணத்தில் அதிகப் பலன் தந்தது அதுதான். கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எழுதிய அறிக்கையை, "உங்க மெக்கானிக்குக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்கிவிட முடியாது. மின்கோளாறாக இருந்தால் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்குங்கள்; அவற்றை அழிக்க விடாதீர்கள்.

டீலர் சொல்லக்கூடிய காரணங்கள்

"இது தேய்மானம் சார்" என்பது முதலாவது. கிளட்ச் பிளேட்டுக்கு அது பொருந்தும். ஹெட் கேஸ்கட், பிஸ்டன், கியர் பாக்ஸின் உள்ளே இருக்கும் பற்சக்கரம் ஆகியவை என்ஜின், கியர் என்ற சொற்களுக்குள்ளேயே அடங்குபவை. தாளில் விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

"தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கீங்க" என்பது என்னிடம் சொல்லப்பட்டது. வாங்கிய நாளிலிருந்து மாதம் ஒருமுறை நான் கூலன்ட் அளவைப் படம் எடுத்திருந்தேன்; மகனுக்கு வண்டிப் பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய பழக்கம் அது. கிருமாம்பாக்கத்தில் எடுத்த வீடியோவோடு அந்தப் படங்களையும் அனுப்பியபின் அந்தப் பேச்சு நின்றது.

"ஸ்பேர் நீங்க வாங்கிக் கொடுங்க, லேபர் நாங்க பார்த்துக்கறோம்" என்பது மூன்றாவது. வாரண்டித் தாளில் லேபர் மட்டும் என்று இல்லாதவரை அதற்கு இணங்க வேண்டியதில்லை. அதே சமயம், என்ஜின் ஆயிலும் கூலன்ட்டும் நாம் எப்படியும் மாற்ற வேண்டியவை என்பதால் அவற்றின் விலையை நான் ஏற்றுக்கொண்டேன். சிறிய தொகையில் விட்டுக்கொடுத்துப் பெரிய தொகையில் உறுதியாக இருப்பது எனக்குப் பயன்பட்டது.

"ஆர்.சி. இன்னும் உங்க பேருக்கு மாறலையே" என்றும் சொல்வார்கள். வாரண்டி என்பது பணம் கொடுத்து வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். பெயர் மாற்றம் தனிக் கடமை. அதைத் தாமதிக்காமல் முடியுங்கள். புதுச்சேரிப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் அந்தப் பேச்சை வாரண்டிப் பேச்சோடு கலக்க விடாதீர்கள்.

இந்தக் காலத்தில் மாதத் தவணையை நிறுத்திவிட வேண்டாம். கடன் கொடுத்தது வங்கி. வாரண்டி கொடுத்தது டீலர். தவணையை நிறுத்தினால் டீலருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் சிபில் மதிப்பெண்தான் கெடும்.

நோட்டீஸ்

முதல் செய்தி அனுப்பி இரண்டு வாரத்தில் நகர்வு இல்லையென்றால் கடிதம் அனுப்பும் நேரம் வந்துவிட்டது. வழக்கறிஞர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பெயரில், தேதிவாரியாக நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பில்லின் இரண்டு பக்க நகலையும் சர்வீஸ் சென்டர் அறிக்கையையும் எஸ்டிமேட்டையும் இணைத்து, 15 நாளுக்குள் வாரண்டிப்படி பழுது பார்க்க வேண்டும் அல்லது அதற்கான தொகையைத் தர வேண்டும், தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் என்று முடியுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும், சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தின் அச்சையும் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் டீலருக்கும் அந்த நிறுவனத்துக்கும் தனித்தனியே அனுப்புங்கள். வாரண்டிக் காலம் முடிவதற்கு முன்பே கோளாறைத் தெரிவித்துவிட்டீர்கள் என்பது கடிதத்தின் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இழுத்தடித்துக் காலாவதியாக்குவதைத்தான் சிலர் வழியாக வைத்திருக்கிறார்கள்.

என் கடிதம் சேர்ந்த மூன்றாம் நாள் டீலர் தாமாகவே அழைத்தார். பாதிச் செலவு தருகிறேன் என்றார். நான் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அடுத்த வாரம் முழுச் செலவுக்கும் ஒப்புக்கொண்டார்.

1915

அதன்பிறகும் அசையாதவர்களுக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப் வழியாகவும் புகார் பதியலாம். அவர்கள் டீலரைத் தொடர்புகொண்டு தீர்வு கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கட்டணம் இல்லை, புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கோப்பில் சேருங்கள். பெரிய நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளிடம் இது நன்றாக வேலை செய்யக்கூடும். தெருவோரக் கன்சல்டிங் கடைகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கணிப்பு.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

கடலூர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் தாக்கல் செய்ய இடம் தருகிறது. பில்லின் அடியில், "வழக்குகள் புதுச்சேரி எல்லைக்கு உட்பட்டவை" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் அங்கேயே உள்ள மாவட்ட ஆணையத்தை அணுகலாம்.

நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் அந்த விலையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நீங்களே வாதாடலாம். வழக்கறிஞர் வேண்டும், வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

வண்டியை டாக்ஸியாக ஓட்டுகிறவர்கள் ஒரு வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழிலாக வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான். அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேட்கும் நிவாரணத்தைப் பிரித்து எழுதுங்கள்: பழுதுச் செலவு, சோதனைக் கட்டணம், ரிகவரி வண்டிச் செலவு, வண்டி நின்ற நாட்களில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு. ரசீது உள்ள தொகைகளை ரூபாய் கணக்கில் துல்லியமாகக் காட்டுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அச்சிட்டு இணைக்கும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63(4) பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தரும் சான்றையும் சேர்ப்பது பாதுகாப்பானது. மூலச் செய்திகள் உள்ள கைபேசியை விற்றுவிடாதீர்கள். வழக்கு முடியும் வரை வண்டியையும் விற்காதீர்கள். குறைபாடு உண்டா என்று நிபுணரை வைத்துச் சோதிக்க ஆணையம் உத்தரவிட்டால், காட்ட வண்டி வேண்டும்.

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாளும், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாளும் கிடைக்கும். சோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதத்திலும், தேவைப்படுபவற்றை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள், ஒப்புக்கொண்ட தொகையையும் தேதியையும் மட்டும் எழுத்தில் பதியச் செய்யுங்கள். உத்தரவு வந்தும் டீலர் பணிய மறுத்தால், 72ஆம் பிரிவின் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி இருக்கிறது.

பழுது பார்த்த வண்டியைத் திரும்ப எடுக்கும் நாள்

எந்த வழியில் தீர்வு வந்தாலும், இந்த நாளில் அவசரப்படாதீர்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம். மாற்றிய பாகங்களின் பட்டியலையும், அவற்றின் பில் நகலையும், லேத்தில் ஹெட்டைச் சமன்செய்த ரசீதையும் கேளுங்கள். பழைய கேஸ்கட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் இரண்டு சிலிண்டர் வட்டங்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு கோடு எரிந்து போயிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

செய்த வேலைக்குத் தனி வாரண்டி எழுதி வாங்குங்கள். வண்டி கடையில் நின்ற நாட்களைப் பழைய வாரண்டிக் காலத்தோடு நீட்டித்துத் தரும்படியும் கேளுங்கள். கேட்டதால்தான் எனக்கு 40 நாள் கூடுதலாகக் கிடைத்தது. ஏ.சி.யைப் போட்டு, நெரிசலிலும் திறந்த சாலையிலுமாக ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டுக் கூலன்ட் அளவைப் பாருங்கள். அதன்பின் 500 கி.மீ. ஓடியதும் ஆயில் மூடி, டிப்ஸ்டிக், கூலன்ட் டப்பா மூன்றையும் ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்து, "வண்டி இதுவரை நன்றாக ஓடுகிறது" என்ற ஒரு வரியோடு டீலருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள்.